தலையெழுத்தா, கைவிடலா?

சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விடும் பிள்ளையைப் பார்த்து ‘தலையெழுத்து’ என்று சொல்லிவிடுகிறோம். வரலாறு அதை ஏற்கவில்லை. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1970களில் அரசு பொறுப்பேற்ற பின்பே பிள்ளைகள் பலர் மேல் வகுப்புகளுக்கு ஏறினர். மாறியது ஊழ் அல்ல, ஏற்பாடு.

முயற்சி மாணவனுடையதல்லவா என்பார்கள். உண்மைதான். ஆனால், நாவுல போன்ற கிராமப்புற ஊரில் காலை பஸ் தவறினால் முதல் பாடம் போயிற்று. அறுவடைக்கு வயலில் நிற்கும் பிள்ளைக்கு முயலவே இடமில்லை. 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆனது. சட்டம் மட்டும் பிள்ளையை வகுப்பில் நிறுத்தாது. வராத பிள்ளையின் வீடு தேடிப் போகும் ஆசிரியர் வேண்டும். வினைக் கொள்கையும் இதையே கேட்கிறது: பிள்ளையின் முன்வினை நமக்குத் தெரியாது, ஆனால் பிள்ளையைக் கைவிட்டால் அது நம் வினை.