தெளிவு

'படம் பிடிப்பது' என்கிறோம் தமிழில். 1882இல் மாரே என்ற பிரெஞ்சு உடலியலாளர் பறவைகள் பறப்பதைப் பதிவு செய்யச் செய்த காமிரா துப்பாக்கி வடிவிலேயே இருந்தது. விசையை அழுத்தினால் வினாடிக்கு 12 படங்கள். சொல்லும் கருவியும் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது நான்தான், ரசனை என்ற பெயரில்.

போன மே மாதம் கொல்லையில் அத்திக்கன்றின் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. இலை விளிம்பில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து வாங்கிய தையல். உள்ளே மூன்று குஞ்சுகள். முன்னால் தொங்கிய ஓர் இலை இடைஞ்சலாக இருந்தது. வெட்டவில்லை, நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டினேன். (வெட்டாததைப் பெருந்தன்மை என்று அப்போது எண்ணினேன்.) படம் நன்றாக வந்தது. கட்டை அவிழ்க்க மறந்தேன். மறுநாள் காலை செம்போத்து ஒன்று கன்றடியிலிருந்து நடந்து போயிற்று. கூடு கிழிந்திருந்தது. குஞ்சுகள் இல்லை.

செம்போத்து எப்படியும் கண்டுபிடித்திருக்கும் என்கிறார் நண்பர். இருக்கலாம். அதன்மேல் எனக்குப் புகாரும் இல்லை. ஆனால் காரணகாரியம் நிரூபணமாகாததால் என் பங்கு கரைந்துவிடுமா? எனக்கு வேண்டியிருந்த தெளிவும் அதற்கு வேண்டியிருந்த தெளிவும் ஒன்றே. அது பசித்துப் பார்த்தது. என் பார்வைக்கு என்ன தேவை இருந்தது என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

படைப்பு வேறு, அது உருவான விதம் வேறு என்று கவிதை விஷயத்தில் நானே வாதாடியிருக்கிறேன். இந்தப் படத்தின் முன் அந்த வாதம் நிற்கவில்லை. இலை இல்லாத இடம் படத்திலேயே இருக்கிறது, வெளிச்சமாக. பார்த்தவர்கள் அந்த வெளிச்சத்தைத்தான் பாராட்டினார்கள்.