அழிக்கப்பட்ட செவ்வந்தி

ஜப்பானின் பழைய அரிசாகா போர்த்துப்பாக்கிகளில், குழல் வந்து பொருந்தும் உலோகப் பகுதியின் மேற்புறத்தில் 16 இதழ்ச் செவ்வந்தி ஒன்று குத்தப்பட்டிருக்கும். பேரரசரின் சின்னம் அது. 1905இல் படைக்கு வந்த 6.5 மி.மீ. 38ஆம் ரகத்திலும், 1939இல் வந்த 7.7 மி.மீ. 99ஆம் ரகத்திலும் இதைக் காணலாம். போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாகச் சுடும் இத்துப்பாக்கிகள் இன்று கைமாறும்போது, குழலின் உட்புரிகள், கட்டையின் வெடிப்பு, போல்ட்டின் எண் பொருத்தம் எல்லாம் சோதிக்கப்படும். ஆனால் கண் முதலில் போவது செவ்வந்திக்குத்தான். பலவற்றில் அது இருக்காது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் 1945இல் சரணடைந்ததையொட்டி, ஒப்படைக்கப்பட்ட பல துப்பாக்கிகளில் இந்தச் சின்னம் தேய்த்து அழிக்கப்பட்டது. உளியால் குறுக்கே வெட்டப்பட்டவையும் உண்டு. தேய்த்த இடத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அரம் ஓடிய கீறல்கள் தெரியும். சிலவற்றில் ஓரத்தில் இரண்டு மூன்று இதழ்நுனிகள் தப்பியிருக்கும். அதற்குக் கீழேயே உள்ள, துப்பாக்கியின் ரகத்தைச் சொல்லும் ஜப்பானிய எழுத்துகளை அரம் தொட்டிருக்காது. ஆயுதத்தை எதிரியிடம் கொடுக்கலாம், பேரரசரின் சின்னத்தைக் கொடுக்கலாகாது என்ற எண்ணமே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

இங்கே ஒரு பழைய சமயக் கேள்வி எழுகிறது. புனிதம் பொருளில் உறைகிறதா, அதை வணங்குவோர் மனத்தில் இருக்கிறதா? எஃகில் உறைகிறது என்றால் மெல்லிய ஒரு படலத்தைச் சுரண்டியதும் அது எப்படி நீங்கும்? வெறும் மன எண்ணம் என்றால் அரத்தைத் தேட வேண்டிய தேவையே இல்லை.

ஜப்பானிய வழக்கம் இரண்டுக்கும் இடைப்பட்ட விடை ஒன்றை வைத்திருந்தது. போருக்கு முன்பே, படையிலிருந்து விலக்கிப் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குத் தரப்பட்ட துப்பாக்கிகளில் செவ்வந்தியின் மேல் வேறு அச்சைக் குத்தி அதைச் செல்லாததாக்கினார்கள். ஈசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டி, தெய்வத்தைப் புது இடத்துக்கு எழுந்தருளச் செய்வதும் இதே நோக்கில்தான். 2013இல் நடந்தது 62ஆவது முறை. நம் கோயில்களில் திருப்பணிக்கு முன் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. புனிதம் ஓர் உறவு. முறைப்படி ஏற்றப்படுவது, முறைப்படி இறக்கப்படுவது. அந்த உறவை நம்பியவர்களுக்கே அதை அழிக்க வேண்டிய கட்டாயமும் வந்தது.

இந்த உறவுக்கு இன்னொரு முகமும் உண்டு. துப்பாக்கி பேரரசர் ஒப்படைத்த பொருள் என்று படைவீரனுக்குப் போதிக்கப்பட்டது. அதைப் பேணத் தவறியவன் கடுமையாகத் தண்டிக்கப்பட்டான். கொல்லும் கருவிக்குத் தெய்வச் சாயல் ஏறியபோது, கொலைக்கும் அந்தச் சாயல் ஏறியது. சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் இக்குழல்களின் முன் நின்ற ஊர்மக்களுக்கு அந்த மலர் எந்த அருளையும் தரவில்லை. போரின் இறுதியில் செய்த 99ஆம் ரகத் துப்பாக்கிகளில் குறிபார்க்கும் பாகம் எளிதாக்கப்பட்டது, கட்டை மெருகிழந்தது, அடித்தகடுகூட மரமானது. செவ்வந்தி மட்டும் நிற்கவில்லை, தொடர்ந்து குத்தப்பட்டது. 1946 ஜனவரி 1 அன்று பேரரசர் ஹிரோஹிதோ, தம்மைத் தெய்வமாகக் கருதுவது பொய்யான கருத்து என அறிவித்தார். பல துப்பாக்கிகளில் சின்னம் அழிந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.

செவ்வந்தி சிதையாத துப்பாக்கிக்குச் சந்தையில் விலை கூடுதல். அதனால் தேய்ந்த இடத்தில் மலரைப் புதிதாகச் செதுக்குவோரும் இருக்கிறார்கள். இது தவறு. தேய்ப்பைச் சேதம் என்று கணக்கிடும் பார்வை, 1945இல் ஒருவர் கையில் அரத்துடன் எடுத்த முடிவைக் கணக்கில் கொள்வதில்லை. துரு காலத்தின் வேலை, அரக்கீறல் மனிதரின் செயல். புதுச் செதுக்கல் பேரரசரின் சின்னமாகவும் ஆகாது, அதை எதிரிக்குத் தர மறுத்தவரின் சாட்சியத்தையும் விட்டுவைக்காது. இத்தகைய துப்பாக்கிக்குத் துரு பரவாமல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். தேய்த்த இடத்தை அப்படியே விட வேண்டும்.