முதுமையில் ஊர் பெயர்தல் முறையோ?

திருச்சிற்றம்பலம்

உயிர்களுக்கு இறைவன் அருளும் கொடைகளைத் தனு, கரணம், புவனம், போகம் என நால்வகைப்படுத்தி ஓதும் நம் சைவசித்தாந்த நூல்கள். இவற்றுள் தனுவாகிய உடம்பைப் பற்றியும், கரணமாகிய மனம் முதலிய கருவிகளைப் பற்றியும், போகமாகிய இன்பதுன்ப நுகர்ச்சியைப் பற்றியும் நம்மனோர் பலகாலும் ஆராய்ந்து எழுதி வருகின்றனர். புவனமாகிய இடத்தைப் பற்றியோ அவ்வளவாக எண்ணுவதில்லை. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிவார்க்கு அஃது ஒரு வினாவாக எழாமையே காரணம். முதுமையெய்திய ஒருவர் தம் நாட்டை விட்டுப் பிறநாடு செல்லலாமோ எனத் தடுமாறும்போதுதான், இவ்விடம் எனக்கு என்ன முறை, யான் இவ்விடத்திற்கு என்ன கடமையுடையேன் என்னும் ஐயம் தோன்றுகின்றது. அவ்வையத்தோடு அன்பர் ஒருவர் என்னை அணுகினார். அவர்க்கு யான் முதலிற் கூறிய விடை பிழையுடையது. அப்பிழையை உணர்ந்து திருத்திக்கொண்டவாற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

அவ்வன்பர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடித்து வாழும் குப்பங்களுள் ஒன்றைச் சார்ந்தவர். 70 அகவை கடந்தவர். பிரதோட நாள்தோறும் திருப்பாலைவனத்துத் திருக்கோயிலில் எம்மிருவர்க்கும் சந்திப்பு உண்டு. அவர் மனைவியார் இறைவன் திருவடி சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரே மகளார் படித்து, மணஞ்செய்து, கனடா நாட்டில் டொரொன்டோ நகர்ப்புறத்தில் வாழ்கின்றார். தந்தை இனியும் தனித்து இருத்தல் கூடாது, தம்மோடு வந்துவிடல் வேண்டும் என்று மகளார் பன்முறை வற்புறுத்தினர்.

“ஐயா, மகள் கூப்பிடுகிறாள். போனால் பிறந்த ஏரியை விட்டுப் போன பாவம் வருமா? போகாவிட்டால் பெற்ற பெண்ணின் மனத்தை நோகவைத்த பாவம் வருமா? தாங்கள்தாம் சொல்லவேண்டும்” என்று கேட்டார்.

யான் சிறிதும் தாழாது, “போகவேண்டா” என்றேன். “புவனம் இறைவன் கூட்டுவித்தது, அதனை மாற்ற முயல்வது அவன் திருக்குறிப்பை மறுப்பதாகும். நாவுக்கரசர் பெருமான் முதுமையில் கயிலை காணும் வேட்கையால் வடதிசை நோக்கி நடந்து, கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் உந்திச் சென்றபோது, இறைவன் அவரைத் தடுத்துப் பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழுவித்து ஆங்கே கயிலைக் காட்சி அருளினான். முதியோர்க்குத் தொலைநாட்டுச் செலவு வேண்டா என்பதே அதன் கருத்து” என்று விரித்துரைத்தேன். அவர், “தாங்கள் சொன்னால் சரிதான், ஐயா” என்று எழுந்து போயினார். அவர் முகத்தில் தெளிவு இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவ்விடையைச் சொன்னது நூலறிவோ, அல்லது பிரதோடந்தோறும் உடனிருந்து வழிபடும் நண்பரை இழக்க மனமில்லாத என் பற்றோ என்று என்னையே வினவினேன். பற்றே பேசியது என்பதும், நூலை அதற்குச் சான்றாக இழுத்துக்கொண்டேன் என்பதும் தெளிவாயின. மடத்தில் யான் பாடங்கேட்ட காலத்து ஆசிரியர், முடிவை முன்னே வைத்துக்கொண்டு மேற்கோள் தேடாதே என்று பலகாலும் இடித்துரைத்ததுண்டு. அறுபது அகவைக்கு மேலும் அப்பிழை என்னை விட்டு நீங்கவில்லை. ஆதலின் வினாவை முதலிலிருந்து ஆராயத் தொடங்கினேன்.

புவனம் இறைவன் கூட்டுவித்தது என்பது மெய்யே. ஆயினும் அது வினைக்கீடாகக் கூட்டுவித்ததேயன்றி, உயிரை அவ்விடத்தே கட்டிவைப்பதற்காக அன்று. மலம் பரிபாகம் உறுதற்பொருட்டு உதவும் கருவிகளுள் ஒன்று அது. ஓரிடத்தில் இருத்தல் ஊழின்வழி நிகழுமாயின், அவ்விடத்தினின்று பெயர்தலும் ஊழின்வழியே நிகழக்கூடும். இருப்பதை மட்டும் திருவருள் என்று கொண்டு, பெயர்தலை அதற்கு மாறு என்பது பொருந்தாது. அங்ஙனமாயின் தலயாத்திரையும் குற்றமாய் முடியும்.

நாவுக்கரசர் வரலாற்றையும் யான் அரைகுறையாகவே எடுத்தாண்டேன். இறைவன் அவரைத் திருப்பியது அவர் பிறந்த திருவாமூருக்கு அன்று, திருவையாற்றுக்கு. அதன் பின்னும் அவர் பல தலங்களை வழிபட்டுச் சென்று, 81ஆம் அகவையில் திருப்புகலூரிலேயே இறைவன் திருவடி அடைந்தார். அவர் தேடிய பொருள் எங்கும் உள்ள பொருளாதலின் திருவையாற்றிலேயே காட்டப்பட்டது. மகளின் முகம் அத்தகையதன்று. அது கனடாவில் மட்டுமே காணக்கிடைப்பது.

அற்றேல், இறைவன் எங்கும் நிறைந்தவனாதலின் எவ்விடமும் ஒன்றே, முதியவர் விரும்பியவாறு செல்லுக என்று கூறிவிடலாமோ எனின், கூடாது. கடல் முழுதும் உப்பாயினும் உப்பு விளைவது பாத்தியில்தான். இறைவன் எங்கும் உளனாயினும் அவனை எளிதில் உணர்தற்குத் திருக்கோயிலும், தீர்த்தமும், அடியார் கூட்டமும் வேண்டப்படுகின்றன. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. ஆதலின் எவரைச் சார்ந்து, எதனைச் சார்ந்து வாழப்போகின்றோம் என்பதை எண்ணாது இடம் பெயர்தல் அறிவுடைமையாகாது. இனி, அப்பாத்தியைக் கட்டியவர் மனிதரே என்பதையும் மறத்தலாகாது. டொரொன்டோவை அடுத்த ரிச்மண்ட் ஹில்லில் இன்று விநாயகப் பெருமானுக்குப் பெருங்கோயில் விளங்குகின்றது. பனி மூடும் அந்நிலத்தில் அதனை எடுப்பித்தோர் கடல் கடந்து சென்ற நம்மவரே.

பழவேற்காடும் வந்தோரும் சென்றோருமாய் விளங்கிய இடமே. உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்த பெருமையுடைய இவ்வேரியின் கரைக்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஒல்லாந்தர் 1613இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பினர். தம் நாடு மீளாது இங்கேயே மாய்ந்தோரின் கல்லறைகள் எழுத்துப் பொறித்தனவாய் இன்றும் உள. அந்நூற்றாண்டிலேயே இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் நாட்டு மக்களோ பலர். அவர்க்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. நம் காலத்தே சீஅரிகோட்டையில் ஏவுதளம் அமைக்கப்பட்டு, 1971இல் முதல் ஏவூர்தி விண்ணிற் செலுத்தப்பட்டது. அதன்பொருட்டு அத்தீவில் வழிவழி வாழ்ந்த யானாதியர் முதலியோர் அகற்றப்பட்டனர்.

இவற்றை நோக்குமிடத்து, ஊர் பெயர்தல் ஒரே தன்மையதன்று. துரத்தப்பட்டுப் பெயர்தல், வெறுத்துப் பெயர்தல், அழைக்கப்பட்டுப் பெயர்தல் என மூவகைப்படும் என்பது விளங்கும்.

துரத்தப்பட்டோர்பால் குற்றம் இல்லை, துரத்தியோர்பாலதே குற்றம். 1983ஆம் ஆண்டுக் கொடுமைக்குப் பின் ஈழத்தமிழர் பல்லாயிரவர் கனடா புகுந்தனர். 1986 ஆகத்துத் திங்களில் அவருள் 150க்கு மேற்பட்டோர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் அலைக்கழிந்தபோது, அவரைக் கண்டு ஏற்றிக் காத்தோர் அந்நாட்டு மீனவர். இச்செய்தியைப் பின்னர் அன்பரிடம் கூறியபோது அவர் கண்ணீர் பெருக்கினார். கடலில் தவிப்பாரை ஏற்றாது போகும் வழக்கம் எந்நாட்டுக் கடலோடிகளிடத்தும் இல்லை என்றார்.

வெறுத்துப் பெயர்தலே ஆழ்ந்து ஆராயற்பாலது. அமெரிக்க நாட்டு முதியோர் சிலர், தம் நாட்டு ஆட்சி தமக்கு ஒவ்வாமையால் கனடாவுக்குக் குடிபெயரலாமோ என எண்ணுகின்றனர். 2016ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவு வெளிவந்த இரவில் கனடாவின் குடியேற்றத்துறை இணையத்தளம் வினவுவோர் மிகுதியால் செயலற்றுப் போயிற்று. அந்நாட்டார்க்கு இது புதிதன்று. 1783இல் அமெரிக்கா விடுதலை பெற்றபோது ஆங்கில அரசின்பாற் பற்றுடையோர் பல்லாயிரவர் வடக்கே சென்றனர். வியட்நாம் போர்க்காலத்தும் படையிற் சேர உடன்படாத இளைஞர் பல்லாயிரவர் சென்றனர். கொல்லாமைபொருட்டு நாடு நீங்கிய அவ்விளைஞரை யாம் எளிதிற் பழித்தல் கூடாது. தாம் செய்யவொண்ணாத செயலைச் செய்யுமாறு ஏவப்பட்டவர் அவர். முதியோரை அங்ஙனம் ஏவுவார் இலர். அவர் நீங்குவது பெரும்பாலும் காணவும் கேட்கவும் பொறாமையால். அப்பொறாமை இயல்பே. ஆயினும், முதியவர் நீங்கியவிடத்து எஞ்சியிருப்போர் நீங்க வகையில்லாத எளியோர் அல்லரோ? பல்லவ வேந்தன் நீற்றறையிலும் நஞ்சிலும் யானைக்காலிலும் கடலிலும் இட்டுத் துன்புறுத்தியபோது நாவுக்கரசர் வேற்றரசன் நாட்டிற்கு ஓடினாரல்லர். அஞ்சாது நின்றார், வேந்தன் திருந்தினான். வாக்குவன்மையும் அறிவுமுடைய முதியோர் வெறுப்பினால் மட்டும் நாடு நீங்குவராயின், அவ்வெறுப்பையும் உடன்கொண்டே செல்வர். ஆணவமலம் எல்லைக்காவலரால் தடுக்கப்படுவதன்று. பிணிக்கு மருந்தும் உண்ண உணவும் கிடையாமையால் பெயர்வாரோ வெறுத்துச் செல்வோர் ஆகார்; அவர் துரத்தப்பட்டோரோடு எண்ணத்தக்கவரே.

கனடாவும் முதியோர்க்குக் கதவை அகலத் திறந்து வைக்கவில்லை. தொழில்திறம் நோக்கிக் குடியேற்றம் அளிக்கும் அதன் முறையில் 45 அகவை நிரம்பியவர்க்கு அகவைக்குரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. மக்களைக் காண வரும் பெற்றோர்க்கெனத் தனி இசைவு உண்டு. 2022 முதல் அதன்வழி ஒருமுறைக்கு 5 ஆண்டுகள் வரை தங்கலாம். மருத்துவக் காப்பீடு செய்துகொள்ளல் வேண்டும்.

எஞ்சியது அழைக்கப்பட்டுப் பெயர்தல். நம் அன்பர் நிலை இதுவே. அன்பினால் அழைக்கப்படுவார்க்குத் தடை யாது? இதற்கு விடை பழவேற்காட்டிற்குத் தெற்கே அதே கடற்கரையில் விளங்கும் திருவொற்றியூரில் உள்ளது. நம்பியாரூரர் சங்கிலியாரை மணந்தபோது, அவரைப் பிரியேன் என்று மகிழமரத்தின்கீழ்ச் சூளுரைத்தார். பின்னர் ஆரூர் வசந்த விழா நினைவுக்கு வரவே ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இருகண்ணும் ஒளி இழந்தன. அவர் சென்றது பொருள் விரும்பியன்று. இறைவனைக் காணவே சென்றார். அத்துணை உயர்ந்த நோக்கமும் கொடுத்த சொல்லுக்கு ஈடாகவில்லை. ஊர் பெயர்ந்தது குற்றமன்று. சொல் பெயர்ந்ததே குற்றம் என்க.

அதனோடு பிறிதொன்றும் அறியற்பாலது. கண்ணிழந்து சென்ற அவர்க்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் அளித்தான் இறைவன். அத்தலம் இன்று பழைய இடத்தில் இல்லை. 1944இல் நிறைவெய்திய பூண்டி நீர்த்தேக்கத்துள் அது மூழ்கவே, திருக்கோயில் பூண்டியில் வேறிடத்தில் அமைக்கப்பட்டது. ஊன்றுகோல் அருளிய பெருமானே தன் ஊர் நீரில் ஆழ்ந்தபோது இடம் பெயர்ந்து எழுந்தருளினான். அடியார்க்கு அருளும் தொழிலில் மட்டும் பெயர்ந்திலன்.

அடுத்த பிரதோடத்தன்று அன்பரைக் கண்டு, “யான் அன்று சொன்னது தவறு. பொறுத்தருளுங்கள். போகலாமோ என்பது வினாவன்று, இவ்வூரில் யார்க்கேனும் சொல் கொடுத்திருக்கின்றீர்களோ என்பதே வினா” என்றேன்.

அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், “தம்பிக்குக் கொடுத்திருக்கிறேன், ஐயா. சாகும்போது அவன் மகனை என் கையில் பிடித்துக்கொடுத்தான். ஏரித்தொழிலைக் கற்றுக்கொடுத்துப் பாட்டில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். பையன் இன்னும் தேறவில்லை” என்றார்.

பாடு என்பது அவ்வேரிக் குப்பங்களில் வழங்கும் பழைய முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் முதலிய ஊரார் மீன்படும் இடங்களைப் பகுத்துச் சீட்டுப்போட்டு, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை நடுவது என வரையறுத்துக்கொள்வர். நல்ல இடமும் தீய இடமும் முறைமாறி எல்லார்க்கும் வரும். வலியோன் மெலியோன் பங்கைக் கவராமைக்கு இது காவல். ஒருவர்க்குரிய முறைக்கும், அவர் படும் துன்பத்திற்கும் தமிழில் பாடு என்னும் ஒரு சொல்லே வழங்குதல் கருதத்தக்கது. முறையைத் துன்பமென்று கைவிடாது செய்துமுடித்தலே வினையைக் கழிக்கும் நெறி என்பர் நம் பெரியோர்.

“அப்படியானால் பையன் பாட்டில் சேரட்டும், ஐயா. அதுவரையில் மகளிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுகிறேன். பிறகு போகிறேன். மனமும் உடம்பும் இடங்கொடுத்தால் அங்கே இருக்கிறேன், இல்லாவிட்டால் திரும்பி வருகிறேன்” என்றார். இம்முறை அவர் முகத்தில் தெளிவு இருந்தது.

முதுமையில் ஊர் பெயர்தல் முறையோ என்பதற்கு, கொடுத்த சொல்லை முடித்துப் பெயர்தல் முறை, வெறுப்பை ஏற்றிக்கொண்டு பெயர்தல் முறையன்று என்பதே அடியேன் துணிபு. பனிக்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகள் நீர் வற்றியபோது பிரிகின்றன. அவற்றை நன்றியில்லாதன என்று ஏரிக்கரையார் பழிப்பதில்லை. அன்பர் சென்றபின் திருப்பாலைவனத்துப் பிரதோடத்தில் என் அருகே ஓரிடம் வெறிதாக இருக்கும். அவ்வெறுமையைப் பொறுத்துக்கொள்ளுதல் என் பாடு. அதற்குரிய வலியை இறைவன் திருவருள் அளிப்பதாக.

திருச்சிற்றம்பலம்