நிறுத்தத் தெரிந்த புரதம்

ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தம். பக்கத்தில் ஒரு பாட்டி காம்பைக் கிள்ளிப் போட்டு, வெற்றிலையின் முதுகில் நகத்தால் சுண்ணாம்பு தடவுகிறார். மேலே ஒரு துண்டுப் புகையிலை. இடது கன்னத்தில் அதக்கிக்கொள்கிறார். எப்போதும் அந்தப் பக்கம்தானா என்று கேட்டேன்.

"வலது பக்கம் பல்லு ஏது கண்ணு?"

மலைக் குளிருக்கு இது இல்லாமல் ஆகாதாம்.

✽

அந்தக் கன்னத்தின் செல்களில் எச்-ராஸ் என்ற மரபணு இருக்கிறது. நம் எல்லோருக்கும் 11ஆம் குரோமோசோமில் இருப்பதுதான். அது தரும் புரதம் மிகச் சிறியது, 189 அமினோ அமிலங்கள். செல்லின் வெளியே 'வளர்' என்று செய்தி வந்தால் உள்ளே கடத்துவது அதன் வேலை. மூன்று பாஸ்பேட் உள்ள குவானோசினைப் பிடித்திருக்கும் வரை செய்தி ஓடும். ஒரு பாஸ்பேட்டை வெட்டிவிட்டால் ஓய்வு. தனியாக வெட்டினால் ரொம்ப நேரமாகும். இன்னொரு புரதம் வந்து கைகொடுத்தால் வேகம் லட்சம் மடங்கு கூடுகிறது.

✽

எச்-ராஸ் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது, பக்கக்கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன். கைகொடுக்க வரும் புரதத்தின் விரல் நுழைய அவ்வளவு இடம்தான் உண்டு. மரபணுவில் ஜி என்ற ஓர் எழுத்து டி ஆகிவிட்டால் அங்கே வாலின் வந்து உட்காரும். சற்றே பருமன். விரல் நுழையாது, வெட்டு நடக்காது, 'வளர்' ஓயாது. 1982இல் சிறுநீர்ப்பைப் புற்று செல் ஒன்றில் இதைக் கண்ட ஆய்வாளர்களில் பிரேம்குமார் ரெட்டியும் ஒருவர். மனிதப் புற்றுக்குக் காரணமாக ஓர் எழுத்தை விரல் வைத்துக் காட்ட முடிந்தது அப்போதுதான்.

வளர்ச்சியைத்தான் உயிரின் அடையாளமாகப் படித்தோம். நிறுத்துவதற்கு இத்தனை ஏற்பாடு இருப்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

✽

1991இல் பம்பாயில் தனஞ்சயா சாரநாத் குழு, புகையிலை மெல்லுபவர்களின் வாய்ப் புற்றுக் கட்டிகளைச் சோதித்தது. ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் எச்-ராஸ் மாறியிருந்தது. மேலை நாட்டு வாய்ப் புற்றில் இது குறைவு. நம் ஊரில் கட்டி பெரும்பாலும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில்தான் வருகிறது, அதக்கி வைக்கும் அதே இடம்.

✽

எச்-ராஸ் புரதம் செல்லின் உறையில் ஒட்டிக்கொள்ள ஒரு கொழுப்பு வால் வேண்டும். வால் இல்லாவிட்டால் எழுத்து மாறியிருந்தும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டிபிஃபார்னிப் என்ற மருந்து அந்த வாலைத்தான் தடுக்கிறது. பங்காளிகளான கே-ராஸும் என்-ராஸும் வேறொரு வாலை மாட்டிக்கொண்டு தப்பிவிடுகின்றன. எச்-ராஸுக்கு அந்த வழி கிடையாது.