கரையில் உட்காரச் சொன்னோம்

வேட்டையாடுவதில் எனக்குச் சம்மதம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவதை வாசகர்கள் வேறு விதமாக எடுத்துக்கொள்ளக் கூடும். மீன் சாப்பிடுகிறவன்தான்; ஆட்டுக்கறியையும் விட்டவன் அல்ல. ஆகையால் அஹிம்சாவாதி என்ற பட்டத்துக்கு எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் பொழுதுபோக்குக்காக ஒரு பிராணியைத் தேடிப் போய்க் கொல்லுவதில் என்ன இன்பம் இருக்க முடியும் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இப்படிப்பட்ட நான்தான், யுத்தத்தில் அங்கம் இழந்து வந்த சிப்பாய் வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போவதற்கு வழி செய்து கொடுப்பது நியாயமா என்று யோசிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

இது அமெரிக்காவில் எழுந்த விஷயம். நம் நாட்டில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே அநேகமாக இடமில்லை. அங்கே அப்படி அல்ல. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை மானைச் சுடுவது சட்டப்படி சரியான காரியம். துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீது வசூலாகும் வரியை வனவிலங்குகளின் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று 1937இல் ஒரு சட்டம் செய்தார்கள். தூண்டில் சாமான்களுக்கு அதே மாதிரி 1950இல் ஒரு சட்டம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 5 லட்சமாகக் குறைந்துபோயிருந்த வெண்வால் மான்கள் இன்று ஏறக்குறைய 3 கோடி இருக்கும் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். வேட்டைக்காரனின் காசு மானைக் காப்பாற்றுகிறது! விசித்திரம்தான், ஆனால் அந்த ஊர் ஏற்பாடு அது.

அப்படிப்பட்ட தேசத்தில் அப்பனோடு காட்டுக்குப் போய் வளர்ந்த ஒரு பையன் பட்டாளத்தில் சேர்ந்து, ஈராக்குக்கோ ஆப்கானிஸ்தானுக்கோ போய், இரண்டு காலும் இல்லாமல் திரும்பி வருகிறான். அந்த இரண்டு யுத்தங்களிலும் நல்ல கவசமும் விரைவான வைத்தியமும் இருந்ததால், முந்தைய யுத்தங்களிலே செத்துப்போயிருக்கக் கூடிய பலர் பிழைத்தார்கள். உயிர் வந்துவிட்டது, கை கால் வரவில்லை.

வாஷிங்டனில் அந்நாளில் இருந்த வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு இப்படிப்பட்டவர்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியை 2011இல் மூடி, பெதஸ்டாவில் உள்ள கடற்படை ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே சிகிச்சைக்கு வந்த எட் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற கடற்படைக் காப்டன் இந்தப் பையன்களைக் கண்டார். அவர் தூண்டில் போடுகிறவர். இவர்களையும் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 2005இல் ஆஸ்பத்திரிப் புல்வெளியிலே தூண்டில் வீசப் பழக்குவதில் காரியம் ஆரம்பமாயிற்று. தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. வெறும் புல்லின்மேல் நூலை வீசிப் பழகினார்கள். பிறகு ஆற்றுக்குப் போனார்கள். ‘பிராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்’ என்ற பெயரில் அது பல மாநிலங்களுக்குப் பரவியது.

மண்புழுவைக் கோத்து வரப்பில் குந்தியிருக்கும் நம் ஊர்த் தூண்டில் அல்ல இது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்து, அதை நீர்மேல் பூச்சி வந்து உட்காருகிற மாதிரியே வீச வேண்டும். ஒற்றைக் கையால் அந்தப் பூச்சியைக் கட்டுவதற்கு ஒரு கருவி, கழியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு வார், கையில்லாதவனுக்காக மின்சாரத்தில் சுற்றும் நூல் உருளை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

வேட்டைக்கும் சாதனங்கள் வந்தன. யுத்த டாங்கியைப் போலப் பட்டைச் சக்கரம் வைத்த நாற்காலி சேற்றிலும் புதரிலும் ஏறிப் போகும். கழுத்துக்குக் கீழே அசைவற்றவன் வாயில் ஒரு குழாயை வைத்து ஊதினாலோ உறிஞ்சினாலோ துப்பாக்கி வெடிக்கும். பல மாநிலங்களில், டாக்டர் சர்டிபிகேட் இருந்தால், நிறுத்திய வண்டியில் உட்கார்ந்தபடியே சுடலாம். ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கு லைசென்ஸ் இனாமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கிறது.

அந்தக் குழாயைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு கூசிற்று. கொல்லப் பழக்கி அனுப்பினீர்கள். அந்த வேலையிலே அவன் உடம்பை இழந்தான். மிஞ்சியிருப்பது மூச்சு ஒன்றுதான். அந்த மூச்சையும் கொல்லுவதற்கா பழக்க வேண்டும்? இது உபகாரமா, பாவமா?

இந்தக் கோபத்தோடு இரண்டு மூன்று நாள் இருந்தேன். பிறகு ஒரு பழைய நினைவு வந்து கோபத்தைத் தணித்துவிட்டது. தணித்தது என்பதைவிட, அதை என் பக்கமே திருப்பிவிட்டது என்று சொல்லலாம்.

எங்கள் ஊரில் கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் ஒரு நாள் குறித்து ஊரே இறங்கி மீன் பிடிக்கும். ஊத்தாவும் கச்சாவும் தூரியுமாக விடியற்காலையிலேயே கரையில் கூட்டம் கூடிவிடும். பெரியவர் ஒருவர் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தண்ணீரில் பாய்வார்கள். அரை மணி நேரத்தில் கண்மாய் முழுவதும் சேறாகிவிடும். சிறுவர்களுக்குத் தீபாவளியைக் காட்டிலும் பெரிய பண்டிகை அது.

ஊரில் பட்டாளத்து மாமா என்று ஒருவர் இருந்தார். 1971 யுத்தத்தில் மேற்கு எல்லையில் கண்ணிவெடியை மிதித்து வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மீன் பிடிக்கிற நாளில் அவரும் ஊத்தாவோடு வருவார். கட்டைக் காலோடு சேற்றில் இறங்கினால் சிக்கிக்கொள்ளுமே என்று எல்லாரும் பதறுவார்கள். “நீங்க ஒக்காருங்க மாமா, உங்க பங்கு வீட்டுக்கு வந்து சேரும்” என்று சொல்லி ஆலமரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். சொன்னபடியே பங்கு போகும். நல்ல விராலாகப் பொறுக்கித்தான் கொடுப்பார்கள். அதைச் சுமந்துகொண்டு போனவன் நான்தான். எனக்கு அப்போது பத்து வயது.

அத்தை சட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. “மீனு சந்தையில வெல குடுத்தாக் கெடைக்கும்டா தம்பி” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மீனை அவர் தொடவில்லை என்று மறுநாள் அத்தை என் தாயாரிடம் சொல்லி வருத்தப்பட்டாள். ‘என்ன மனுஷன் இவர், நல்லது செய்தாலும் கோபிக்கிறாரே’ என்றுதான் ஊர் பேசிற்று. நானும் அப்படியே நினைத்தேன்.

இரண்டு பேர் ஆளுக்கொரு தோள் கொடுத்திருந்தால் அவர் தண்ணீரில் இறங்கியிருப்பார். அதற்கு ஒருவருக்கும் நேரம் இல்லை. மீனைப் பிடித்துக் கொடுப்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

என் கோபத்தில் இருந்த பிசகு இப்போது தெரிகிறது. கேள்விகள் இரண்டு. வேட்டை சரியா என்பது ஒன்று. வேட்டை அனுமதிக்கப்பட்ட ஊரில் யார் யார் வேட்டைக்குப் போகலாம் என்பது மற்றொன்று. கால் உள்ளவன் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும்போது நான் அவனுடைய ஆத்மாவைப் பற்றிக் கவலைப்பட்டுக் கட்டுரை எழுதவில்லை. கால் இல்லாதவன் போக விரும்பியதும் எனக்குத் தர்மம் ஞாபகத்துக்கு வருகிறது. வேட்டை பாவம் என்றால் எல்லாருக்கும் பாவம். எல்லாருக்கும் சேர்த்துத் தடுக்கட்டும். அதுவரையில் ஊனமுற்றவனிடம் மட்டும் புண்ணியத்தை எதிர்பார்ப்பது, அவனை மறுபடியும் ஆலமரத்தடியில் உட்கார வைப்பதுதான்.

நாமும் இதில் அவ்வளவு தெளிவானவர்கள் அல்ல. வேடராகிய கண்ணப்பரை நாயனாராக வணங்குகிறோம். கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவரே படைச்செருக்குக்கும் ஓர் அதிகாரம் எழுதினார்.

ஆனால் முதல் கேள்வியை இதோடு கைகழுவிவிட முடியாது. 2003இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் டிரவுட் மீனின் உதட்டில் தேனீயின் விஷத்தையும் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். சில மீன்கள் உடம்பை ஆட்டிக்கொண்டு, உதட்டைத் தொட்டியின் அடியிலிருந்த சரளையில் தேய்த்தனவாம். அது நாம் அறிந்த வலிதானா என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். வலிதான் என்றே எனக்குப் படுகிறது. பிடித்த மீனை மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவதை அங்கே பெரிய தயையாகச் சொல்லுகிறார்கள். தின்பதற்காகப் பிடித்தவனாவது பசி என்று பதில் சொல்லலாம். விடுவதற்காகப் பிடித்தவன் என்ன பதில் சொல்லுவான்? ஒருவனுடைய காயம் ஆறுவதற்காக இன்னொரு ஜீவனின் உதட்டில் முள் ஏறுகிறது. இந்தக் கணக்கை என்னால் நேர்செய்ய முடியவில்லை.

கதை எழுதுகிறவனாகையால் எனக்கு ஹெமிங்வே நினைவுக்கு வருகிறார். 1918இல் இத்தாலியப் போர்முனையில் குண்டு பாய்ந்து காலில் காயம்பட்ட அவர், மறு வருஷம் மிச்சிகன் காட்டு ஆற்றில் மீன் பிடிக்கப் போனார். பிறகு 1925இல் வெளிவந்த ஒரு கதையில் ஒரு பையன் தனியாக முகாம் போட்டுக்கொண்டு டிரவுட் பிடிக்கிறான். கதையில் யுத்தம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அது யுத்தத்திலிருந்து திரும்பியவனின் கதை என்று அவரே பின்னால் எழுதினார். அந்தப் பையன் கூடாரம் அடிக்கிறான், காப்பி போடுகிறான், வெட்டுக்கிளி பிடிக்கிறான். அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் அவனைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஆற்றில் அவர்கள் தேடிப் போவது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உதவிக்கும் ஓர் எல்லை உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். 1902இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிஸிஸிப்பிக் காட்டுக்குக் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஹோல்ட் காலியர் என்ற வழிகாட்டி ஒரு கரடியை அடித்து மரத்தில் கட்டிவிட்டு அவரை அழைத்தார். கட்டிப்போட்டதைச் சுடுவது வேட்டை ஆகாது என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். குழந்தைகளின் ‘டெடி’ பொம்மை பிறந்த கதை இது. காயம்பட்டிருந்த அந்தக் கரடியைக் கடைசியில் கத்தியால் கொன்றார்கள் என்பதைப் பொம்மைக் கடைக்காரர்கள் சொல்லுவதில்லை.

ஊனமுற்ற வீரனுக்காக வேலிக்குள் மானை அடைத்து, தீனி போட்டு, அவனுடைய நாற்காலிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் அது கட்டிப்போட்ட கரடிதான். அது மானுக்குச் செய்யும் அநீதி; வீரனுக்கும் அவமதிப்பு. நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த விரால் மீனைப் போன்றது அது. அவனுக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள படிக்கட்டையும் சேற்றையும் தாண்ட உதவலாம். தப்பி ஓட மானுக்கு இருக்கிற வழியை அடைக்கக் கூடாது.

காட்டுக்கும் ஒரு கட்சி உண்டு. 1964ஆம் வருஷத்துச் சட்டப்படி அமெரிக்காவின் ஆதிவனங்களில் மோட்டார் வண்டி நுழையக் கூடாது. ஊனமுற்றோருக்கான 1990ஆம் வருஷத்துச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. கட்டடத்துக்குள் உபயோகிக்கத் தகுந்த சக்கர நாற்காலி எதுவோ, அது ஆதிவனத்துக்குள்ளும் போகலாம். ஆனால் அதற்காக அங்கே பாதை போட்டுக்கொடுக்க வேண்டிய கடமை சர்க்காருக்கு இல்லை. முதலில் இது கல்நெஞ்சம் என்று தோன்றியது. யோசிக்கையில் மரியாதையாகப் படுகிறது. நாற்காலி அவனுக்குக் கால் என்று சட்டம் ஒப்புக்கொள்ளுகிறது. காலுள்ளவனுக்குக் காடு எப்படி இருக்கிறதோ அப்படியே இவனுக்கும் இருக்கட்டும் என்கிறது.

இன்னும் ஒரு பயம் இருக்கிறது. 2021ஆம் வருஷத்தில் மட்டும் அமெரிக்காவில் 6,392 முன்னாள் வீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சாவு துப்பாக்கியால் வந்தது. மனம் உடைந்தவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, அதற்கு மருந்து என்று பெயர் சூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும். இனாம் லைசென்ஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று சர்க்கார் இருந்துவிடக் கூடாது. கூடப் போக ஆள் வேண்டும்; திரும்பி வந்த பிறகும் கதவைத் தட்டி விசாரிக்க ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிப் புல்வெளியில் நடந்த காரியத்தில் எனக்குப் பிடித்ததும் அதுதான். அங்கே மீன் இல்லை; ஆனால் பக்கத்தில் நின்று கழியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார்.

பட்டாளத்து மாமா இப்போது இல்லை. கண்மாயிலும் முன்போலத் தண்ணீர் நிற்பதில்லை. நான் மான் வேட்டைக்குப் போகப்போவதில்லை. போகிறவனைப் புகழவும் மாட்டேன். ஆனால் கால் இழந்த ஒருவன் வந்து, “கொஞ்சம் தோள் குடுங்க, தண்ணி வரைக்கும் போகணும்” என்று கேட்டால், அவன் எதற்காகப் போகிறான் என்று விசாரித்து நல்லது கெட்டது சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா? தோளைக் கொடுத்துக்கொண்டே வேண்டுமானால் அவனோடு வாதாடலாம். கரையில் உட்கார வைத்துவிட்டு வாதாடக் கூடாது.