எது மலையின் உண்மை உருவம்?

உத்தராகண்ட் மாநிலத்தில், அல்மோராவுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கௌசானி என்னும் சிற்றூர். 1929-ஆம் ஆண்டு மகாத்மா காந்தி இங்கே தங்கியிருந்தபோதுதான், கீதைக்குத் தாம் செய்த 'அனாசக்தி யோகம்' என்னும் நூலின் முன்னுரையை எழுதினார். அனாசக்தி என்றால் பற்றின்மை. அந்த ஊரில் நின்று வடக்கே நோக்கினால், 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூலும் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியும் பனிமுடி தரித்துக் காட்சி தருகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அட்டைப்படம் ஒன்றுக்காகப் புகைப்படம் எடுக்க அங்கே சென்றிருந்தேன். முதல் நாள் மேகம் மலையை முற்றிலும் மறைத்துவிட்டது. இரண்டாம் நாள் விடியலில் சிகரத்தின் நுனி சிவந்தது, பிறகு பொன்னிறமாயிற்று, பிறகு வெண்மையாயிற்று. முற்பகலிலேயே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மங்கச் செய்தது. மூன்றாம் நாள் மழை. எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை ஒதுக்கினேன். உடனிருந்த இளம் பிரம்மசாரி கேட்டார்: "சுவாமிஜி, இவற்றுள் எது உண்மையான திரிசூல்?"

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அது என்னை விடவில்லை.

பனிக்குச் செந்நிறம் கிடையாது. உதயவேளையில் கதிரொளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. அதில் நீலம் சிதறிப்போகச் சிவப்பு எஞ்சுகிறது. அந்தச் சிவப்பையே பனி நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. செம்பருத்தியின் அருகில் வைத்த ஸ்படிகம் சிவந்து தோன்றுவதை வேதாந்த ஆசிரியர்கள் உவமையாகக் கூறுவார்கள். பொருளின் அருகிலிருந்து தன் தன்மையை அதன்மீது ஏற்றிக் காட்டுவதை அவர்கள் 'உபாதி' என்பர். ஆகவே என் படங்கள் எதுவும் பொய்யன்று. ஆயினும் எந்தப் படமும் மலையன்று.

கருவியையும் முழுவதும் நம்புவதற்கில்லை. கேமராவின் ஒளிமானி, தன் எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே அளக்கிறது. அதை அப்படியே பின்பற்றினால் தூய வெண்பனியும் படத்தில் சாம்பலாகிவிடும். இதை அறிந்தவர் அந்த அளவைத் திருத்திக்கொள்கிறார். நம் மனமாகிய ஒளிமானியை நாம் அவ்வாறு திருத்துகிறோமா?

அன்றிரவு ஒரு நினைவு எழுந்தது. சகோதரத் துறவி ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் என்னிடம் கடுமையாகப் பேசினார். அதன்பின் அவர் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்த மாலையின் முகமே என் முன் தோன்றும். அவர் நோயாளிகளுக்குச் செய்த தொண்டும், மாணவர்களிடம் காட்டிய பொறுமையும் நான் அறியாதவை அல்ல. அந்தப் படங்களை நான் ஒதுக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

மலை விஷயத்தில் மிகச் சிறந்த படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குகிறோம். மனிதர் விஷயத்தில் மிக மோசமான படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குகிறோம். முன்னது விருப்பு, பின்னது வெறுப்பு. இரண்டும் ஒரு கணத்தைப் பற்றிக்கொண்டு, அதையே முழுப்பொருள் என்று சாதிக்கின்றன. இரண்டும் ஆசக்தியே.

'அப்படியானால் தவறு செய்தவரைக் கண்டிக்கவே கூடாதா?' என்று கேட்கலாம். கண்டிக்கலாம், சில வேளைகளில் கண்டித்தே ஆகவேண்டும். மூடுபனியும் உண்மையாகவே வந்தது; அதில் வழி தவறியவனுக்கு அது விளையாட்டன்று. ஆனால் அது அந்த நாளின் வானிலை. அதை மலையின் பெயராக எழுதிவைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஆசிரமம் திரும்பியதும் அந்தச் சகோதரருக்குக் கடிதம் எழுதினேன். பழைய நிகழ்ச்சியைக் குறிப்பிடவில்லை. நலம் விசாரித்து, திரிசூலின் படம் ஒன்றை உடன் வைத்தேன். அட்டைக்குத் தேர்ந்த படமன்று, மேகத்தினூடே சிகரம் பாதி மட்டும் தெரியும் படம். மறைந்திருக்கும் மற்றப் பாதியும் அங்கேதான் இருக்கிறது என்பதை, அவரைவிட நானே நினைவில் கொள்ளவேண்டியிருந்தது.