எலுமிச்சையும் ஸ்பேசரும்

புதுக் கார் எடுத்தவர் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுவதைப் பார்த்தால் பகுத்தறிவாளருக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வரும். பழத்துக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஓசூரில் அந்தக் கேள்வியைக் கேட்கும் படித்தவர்களில் சிலர், தங்கள் காருக்கு அடியில் இருக்கும் வேறொரு பொருளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அது பழமல்ல. கட்டைவிரல் நீளத்தில், நடுவே துளையிட்ட ஓர் எஃகுத் துண்டு. வண்டிகளை மாற்றியமைக்கும் கடைகளில் அதை ஸ்பேசர் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் டிபன் சாப்பிட வரும் வேகக் கார்களை இந்த நெடுஞ்சாலையில் யாரும் பார்க்கலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சில வண்டிகளின் சைலன்சர் படபடவென்று வெடிக்கும். எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய்ப் பற்றிக்கொள்வதால் வரும் சத்தம் அது. பழுதல்ல, காசு கொடுத்து வாங்கியது. இந்த வேகம் கூட்டும் கலையில் ‘ஸ்டேஜ் 2’ என்று ஒரு படி உண்டு. எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்வதோடு, புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாய் மாட்டுவது அதில் பரவலான வழக்கம். புகை தடையின்றி ஓடும், குதிரைத்திறன் கூடும்.

அங்கேதான் சென்சார் குறுக்கே நிற்கிறது.

1976இல் பாஷ் நிறுவனம் தயாரித்து வால்வோ காரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது இந்த ஆக்சிஜன் சென்சார். சிர்க்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருளின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எஞ்சின் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வேறுபாடு சிறு மின்னழுத்தமாக மாறும். பெட்ரோல் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சென்சார்கள் இருக்கும். முன்னது கலவையைத் திருத்திக்கொண்டே இருக்க உதவுகிறது. பின்னதன் முக்கிய வேலை, கன்வெர்ட்டர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சாட்சி சொல்வது. உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் தங்கள் வேலையைச் செய்தால் பின் சென்சாரின் வோல்ட் அலையாமல் நிற்கும். கன்வெர்ட்டர் இல்லையென்றால் முன்னது ஆடும் ஆட்டத்தைப் பின்னதும் ஆடும். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து, பி 0420 என்று குறித்துக்கொண்டு, டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கை ஏற்றிவிடும்.

ஸ்பேசர் அந்தச் சாட்சியின் வாயை அடைக்கிறது. சென்சாரைப் புகையின் ஓட்டத்திலிருந்து ஓரங்குலம் வெளியே இழுத்து வைத்தால் அதன் துளை வழியாகக் கொஞ்சம் புகைதான் எட்டும். ஆட்டம் அடங்கும், விளக்கு அணையும். இன்னும் தேர்ந்த கடைக்காரர் ஸ்பேசரும் வைக்கமாட்டார். அந்தக் குறியீட்டையே மென்பொருளிலிருந்து அழித்துவிடுவார்.

இதைச் செய்பவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. எலுமிச்சை வைப்பவர் எந்த ஆதாரத்தையும் அழிக்கவில்லை. ஆதாரமே இல்லாத ஒன்றை நம்புகிறார், அவ்வளவுதான். ஸ்பேசர் வைப்பவரோ ஆதாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து, அந்த இடத்தைத் தேடிப் போய் அடைக்கிறார். தனக்கு எதிராகச் சான்று வந்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வதுதான் பகுத்தறிவு என்றால், இந்த இருவரில் யார் அதற்கு அதிகத் தூரத்தில் நிற்கிறார்? எலுமிச்சைக்காரர் அல்ல என்பதே என் கணக்கு.

உலகத்தில் இந்த வித்தையைப் பெரிய அளவில் செய்தது ஃபோக்ஸ்வாகன். அதைக் கண்டுபிடித்த கதையில் நம் பக்கத்து ஊர் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேன் கார்டர் தலைமையிலான சிறு குழு 2013இல் டீசல் கார்களின் பின்பக்கத்தில் அளவுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் சாலைகளில் ஓட்டியது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ் ஆகியோரோடு ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார். கப்பண்ணா பெங்களூர்க்காரர். யாரையும் பிடிக்க வேண்டுமென்று அவர்கள் கிளம்பவில்லை. டீசல் கார்கள் அமெரிக்காவில் சுத்தமாக ஓடுகின்றன, ஐரோப்பாவும் பார்த்துக் கற்கட்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் ஃபோக்ஸ்வாகனின் ஜெட்டா காரில் நைட்ரஜன் ஆக்சைடு, வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு வரை வந்தது. அதே நிறுவனத்தின் பஸ்ஸாட்டில் 5 முதல் 20 மடங்கு. அதே சோதனையில் பிஎம்டபிள்யூ எக்ஸ் 5 பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. டீசலில் முடியாது என்பதல்ல, செய்யவில்லை என்பதற்கு அந்த மூன்றாவது காரே சாட்சி.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட அறிவிக்கையில் ஃபோக்ஸ்வாகன் கார்களின் மென்பொருள் எப்படி ஏமாற்றியது என்று இருக்கிறது. ஸ்டீயரிங் எப்படி இருக்கிறது, வேகம் எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்று பார்த்து, ‘இது சோதனைக்கூடம்’ என்று கார் தானே தெரிந்துகொள்ளும். தெரிந்ததும் ஒழுக்கமாகிவிடும். சாலைக்கு வந்ததும் பழைய குணம். கோயிலுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் எடைக்கல்லைத் தேய்த்து வைக்கும் வியாபாரியை நாம் எத்தனை மேடைகளில் கிண்டலடித்திருக்கிறோம்! அவரை அப்படியே மென்பொருளாக எழுதிவிட்டார்கள், அதுவும் உலகின் தேர்ந்த பொறியாளர்கள். ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில்.

இந்தியாவிலும் 2015 டிசம்பரில் சுமார் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்தது நிறுவனம். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மே மாதம், நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எதுவும் வேண்டாமென்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சாலையில் அளப்பதற்கு இந்தியாவில் அப்போது வரம்பே வகுக்கப்படவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். சட்டப்படி அதில் விஷயம் இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். ‘யாரும் பார்க்காத இடத்தில் நான் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே!’

நம் சொந்தச் சோதனை எப்படி இருக்கிறது? பெட்ரோல் காருக்கான புகைப் பரிசோதனை, வண்டி நின்றபடி உறுமும்போது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அது கேட்பதே இல்லை. கேட்பதையாவது ஒழுங்காகக் கேட்கிறோமா என்றால், டெல்லியைப் பற்றிய தணிக்கை அறிக்கையைப் பார்க்க வேண்டும். வரம்பு மீறிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. குழாயை நுழைக்காமல் காகிதம் வாங்குவது எப்படி என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆயுத பூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைப்பது சடங்கு என்றால், அளக்காமல் வாங்கும் பொல்யூஷன் சர்டிபிகேட்டும் சடங்குதான். பொட்டு இலவசம் என்பது ஒரு வேறுபாடு.

இங்குள்ள கம்பெனிகளுக்கும் வரம்பைச் சுற்றிப் போகத் தெரியும். மின்சார ஸ்கூட்டருக்குப் புகையே இல்லை, ஏமாற்ற என்ன இருக்கிறது என்று நினைப்போம். மத்திய அரசு அப்போது தந்த ஃபேம் மானியம் ஆலை விலை 1.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்த வண்டிக்குத்தான் கிடைத்தது. சார்ஜருக்குத் தனி பில் போட்டால் வண்டி வரம்புக்குள் நின்றது. அரசு கேள்வி கேட்ட பிறகு, 2023 மே மாதத்தில் சார்ஜர் பணத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர முன்வந்த கம்பெனிகளில் ஓலா, ஏத்தர், டிவிஎஸ் மூன்றும் உண்டு. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் வண்டி செய்பவர்கள். புகைக்குழாய் போனாலும் ஸ்பேசர் போகவில்லை, பில்லுக்கு இடம் மாறியிருந்தது.

வெளியிலிருந்து ஒருவர் கண்காணித்தால் மனிதன் திருந்துவான் என்ற நம்பிக்கையை இந்த மண் முன்பே சோதித்திருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பேற்றதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. இன்று அதே ஊர்களில் அரசே கடை வைத்திருக்கிறது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கன்வெர்ட்டரைக் கழற்றி வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சிறைகூட உண்டு, இருக்கட்டும். ஆனால் சிறைக்கு அஞ்சித்தான் நல்லவனாக இருப்பேன் என்பவனுக்கும் நரகத்துக்கு அஞ்சித்தான் நல்லவனாக இருப்பேன் என்பவனுக்கும் இடையே பகுத்தறிவு எங்கே வந்தது?

கடவுள் இல்லையென்றால் மனிதனுக்கு ஒழுக்கம் ஏது என்று ஆத்திகர் கேட்கும்போது, பிறர் நம்மிடம் எப்படி நடக்க வேண்டுமென்று விரும்புகிறோமோ அப்படி நாம் அவர்களிடம் நடப்பதே ஒழுக்கம், அதற்குக் கடவுள் எதற்கு என்று பெரியார் வழியில் நாம் பதில் சொல்கிறோம். நல்ல பதில். அதை ஜூஜூவாடி பஸ் நிறுத்தத்தில் வைத்துப் பாருங்கள். விடியற்காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் பெண்கள் சாலையோரத்தில்தான் மூச்சுவிடுகிறார்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்வது, கன்வெர்ட்டர் கழற்றிய கார் கக்கும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கெலவரப்பள்ளி அணையில் பெங்களூர்க் கழிவு நுரையாகப் பொங்கி வரும்போது ஓசூர் கொதிக்கிறது, கொதிக்க வேண்டியதுதான். நுரை கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாததைக் காட்ட நம்மிடம் இருப்பது அந்தச் சின்னப் பீங்கான் துண்டுதான்.

‘இத்தனை லாரி ஓடுகிற ரோட்டில் என் ஒரு கார்தான் கெடுக்குமா?’ என்று கேட்பார்கள். கணக்குப் போடலாம். நன்றாக வேலை செய்யும் கன்வெர்ட்டர் நச்சில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் மாற்றிவிடுகிறது. அதைக் கழற்றிய ஒரு கார், கழற்றாத பத்துக் கார்களுக்குக் குறையாத நச்சைக் கக்கும். ஒன்று என்று எண்ணுவதே தவறு.

இன்னொரு வாதம் கொஞ்சம் கௌரவமானது. வரம்புகளை வகுப்பது அதிகாரிகள், அவை வேதவாக்கா, கேள்வி கேட்கக் கூடாதா என்பது. தாராளமாகக் கேட்கலாம். பிஎஸ் 6 புகை விதி அபத்தம் என்று தோன்றினால் எழுதுங்கள், வழக்குப் போடுங்கள், பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுங்கள். விதியை எதிர்ப்பவன் தன் பெயரைச் சொல்லி எதிர்க்கிறான். ஸ்பேசர் வைப்பவன் ஆர்டிஓ கண்ணில் படாமல் வைக்கிறான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, கலகம் என்று பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

திராவிடர் கழக ஊர்வலங்களில் தோழர்கள் முதுகில் அலகு குத்தி, அதில் கயிறு கட்டிக் காரை இழுத்துக் காட்டுவார்கள். சாமி சக்தி ஒன்றுமில்லை, தோலின் வலிமைதான் என்று ஊருக்கு நிரூபிப்பதற்காக. அருமையான செய்முறை விளக்கம். அடுத்த முறை ஓசூரில் நடத்தும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டர் குறித்துவைத்ததைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் இருக்கும். ஓபிடி ஸ்கேனர் விலை அதிகமில்லை. முதலில் கழகத்தினர் வந்த கார்கள், பிறகு தலைவரின் கார், கடைசியில் அலகு குத்தி இழுக்கப்படும் அந்தக் கார். ஒவ்வொன்றிலும் ஸ்கேனரைச் செருகி, வருவதை மைக்கில் படியுங்கள். விளக்கு அணைந்திருக்கிறதே என்று விட்டுவிடாமல், ஒருவர் குனிந்து அடியிலும் பார்க்கட்டும்.